கவசத்தினுள்ளே ஓசை

போர்த்தாங்கியைத் தொலைவில் நின்று காண்போர் அதன் பருத்த இரும்புச் சுவரையும் நீண்ட பீரங்கியையும் கண்டு வியப்பர். அச்சுவருக்குள்ளே இருப்போரை ஓயாது தாக்கும் பகை ஒன்றுண்டு. அதுவே ஓசை.

1916ஆம் ஆண்டு செப்டெம்பர் 15ஆம் நாள், பிரான்சு நாட்டின் சொம் போர்க்களத்திலே பிரித்தானியர் முதன்முதலாகத் தாங்கிகளை இறக்கினர். தாங்கி ஒன்றில் எண்மர் இருந்தனர். 105 குதிரைவலு கொண்ட எஞ்சின் தடுப்புச் சுவர் எதுவுமின்றி அவர்கள் நடுவே இயங்கிற்று. வண்டியைத் திருப்புவதற்கே நால்வர் ஒத்துழைக்க வேண்டும். கூவினாலோ ஒருவர் சொல் மற்றவர் செவிக்கு எட்டாது. ஆதலால் எஞ்சின் மூடியில் ஓங்கித் தட்டியும் கைச்சைகை காட்டியுமே ஆணை பிறப்பித்தனர்.

பின்னாளில் எஞ்சின் தனியறைக்குச் சென்றது, ஓசை நீங்கவில்லை. காரணம் யாது? தாங்கி சங்கிலிப் பட்டையின்மேல் ஓடுகிறது. பட்டையின் இரும்புக் கணுக்கள் பற்சில்லிலும் சக்கரங்களிலும் இடைவிடாது மோதுகின்றன. அவ்வதிர்ச்சி உடலெங்கும் பரவ, மூடிய இரும்புப் பெட்டி மத்தளம்போல் முழங்குகிறது. குண்டை வெளியே தடுக்கும் சுவரே ஓசையை உள்ளே அடைத்து வைக்கிறது.

ஓசையைத் தெசிபெல் என்னும் அலகால் அளப்பர். 85 தெசிபெல் ஓசையில் நாளொன்றுக்கு 8 மணி நேரம் வரை இருக்கலாம் என்பது பலரும் கைக்கொள்ளும் எல்லை. அதன்மேல் 3 தெசிபெல் கூடுந்தோறும் நேரம் பாதியாகும். சங்கிலிப் பட்டை வாகனங்கள் விரைந்தோடும்போது உள்ளே 110 தெசிபெலுக்கு மேலும் ஓசை எழுவதுண்டு. காப்பற்ற செவிக்கு அங்கே இரண்டு நிமிடமும் மிகுதி.

உட்செவியிலுள்ள நுண்ணிய மயிர்க்கலங்களே ஒலியை உணர்பவை. அவை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. முதலிற் குன்றுவது உயர்ந்த சுருதிகளைக் கேட்கும் ஆற்றல். அந்நிலையில் பேச்சுக் கேட்கும். சொல் தெளிவாக விளங்காது. போர்க்களத்தில் 'நில்' என்ற ஆணை 'செல்' என்று கேட்குமாயின் உயிர்களே போய்விடும். களத்திலிருந்து மீண்டவனுக்கோ, வீட்டிலே மழலையின் மெல்லிய குரலும் எட்டாக் குரலாகிவிடும். குருதி சிந்தாத காயமாதலின், அதனை அவனே நெடுங்காலம் அறியான்.

செவியை இறுக மூடும் தலைக்கவசமும், அதனோடு இணைந்த ஒலிவாங்கியும், செவித்துளையில் வைக்கும் அடைப்பானும் இன்று உதவுகின்றன. இரும்புப் பட்டைக்குப் பதிலாக இறப்பர்ப் பட்டை பூட்டிய வாகனங்களில் முழக்கம் குறைகிறது. எனினும், காப்பைக் களைந்துவிட்டு ஓடும் வாகனத்தில் இருப்பவனைக் காப்பாற்ற எக்கருவியாலும் இயலாது. வண்டி நின்றபின் காதில் இரைச்சல் கேட்குமாயின், அது செவி விடுக்கும் எச்சரிக்கை. அதனை அசட்டை செய்தலாகாது.