பழம்பொருளிற் பிறக்கும் புதுநாதம்

இலங்கையின் வானொலி வரலாறு பழம்பொருளிலிருந்தே தொடங்குகின்றது. கைப்பற்றப்பட்ட ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலிக் கருவிகளைப் பிரித்தெடுத்து, அவற்றின் உறுப்புகளைக் கொண்டே கொழும்புத் தந்தி இலாகாவின் பொறியியலாளர் தம் முதல் ஒலிபரப்புக் கருவியை அமைத்தனர். 1921 ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்த எட்வர்ட் ஹார்ப்பர் இம்முயற்சிக்குத் தலைமை தாங்கினார். 1923 இல் தந்தி நிலையத்துச் சிற்றறை ஒன்றிலிருந்து இசைத்தட்டுகளின் ஒலி பரீட்சார்த்தமாகக் காற்றிலே மிதந்தது. 1925 டிசம்பர் 16 ஆம் நாள் கொழும்பு வானொலி முறைப்படி பிறந்தது. போருக்கென்று வார்க்கப்பட்ட இரும்பும் செம்பும் பாட்டுக்குப் பணி செய்த கதை இது.

அக்கதையின் மறுபதிப்பை இன்று மலைநாட்டின் சிறு காம்பராக்களிலே காணலாம். பாவித்த அம்பிளிபயர் ஒன்று, வெவ்வேறு வீடுகளிலிருந்து வந்த ஒலிபெருக்கிகள், பழைய டிவிடி இயக்கி ஆகியவற்றை ஒன்றுசேர்த்து, வீட்டையே திரையரங்காக்கும் ‘ஹோம் தியேட்டர்’ அமைக்கும் கலையே அது. புதிதாக வாங்க இயலாதவர் செய்யும் சிக்கனம் என்று இதனைத் தள்ளிவிடலாகாது. இதனுள்ளே பௌதிகவியல் உண்டு; பொறுமை உண்டு; அயலாரோடு வாழும் அறமும் உண்டு.

பொல்பிட்டியவை எண்ணிப் பாருங்கள். கெஹல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் கூடிக் களனி கங்கையாவது இவ்வூரின் அருகிலேதான். அந்நீரை மின்னாக்கும் நிலையம் இங்கே 1969 இல் இயங்கத் தொடங்கியது. அதற்கு முன்னரே, 1950 இல், லக்சபானா நிலையம் மின்னளிக்கத் தொடங்கிவிட்டது. ஆயின், மலையில் விழுந்த நீர் தந்த மின்சாரம் கம்பி வழியே தலைநகருக்குச் சென்றபோது, அதே மலையின் லயங்களில் நெடுங்காலம் குப்பி விளக்கே எரிந்தது. மின்கல வானொலியைச் சுற்றி இஸ்தோப்பிலே பலர் கூடியமர்ந்து கேட்ட காலம் முதியோர் நினைவில் இன்றும் உண்டு. பேரப்பிள்ளைகள் இன்று அம்பிளிபயரைத் திறந்து பழுது பார்ப்பதை அவர்கள் வியப்போடு நோக்குவதில் வியப்பில்லை.

இனி, இக்கலையின் இலக்கணத்தைச் சிறிது காண்போம். ஐந்து ஒலிபெருக்கிகளும், தாழ்ந்த நாதத்துக்கென ஒரு தனிப்பெட்டியும் சேர்ந்ததே வழக்கமான அமைப்பு. முன்புறம் இடமும் வலமும் இரண்டு, நடுவில் ஒன்று, கேட்பவரின் பக்கவாட்டில் சற்றுப் பின்தள்ளி இரண்டு. திரையிற் பேசுவோரின் சொற்கள் பெரும்பாலும் நடுப்பெட்டியிலிருந்தே வருகின்றன. ஆதலின் கையிலுள்ளவற்றுள் மிகத் தெளிவாகப் பேசுவதை நடுவுக்கு ஒதுக்குவதே முறை. முன்னிற்கும் மூன்றும் ஒரே குடும்பத்தனவாயின், பாத்திரம் திரையில் நடக்கும்போது அதன் குரல் நிறம் மாறாது. பின்னிரண்டும் வேறு இனத்தனவாயினும் பெரிய பழுது நேராது.

பொருத்தம் பார்ப்பதற்கு ஓமின் விதியே சோதிடம். எட்டு ஓம் ஒலிபெருக்கிகள் இரண்டைப் பக்கவிணைப்பில் தொடுத்தால் மொத்தத் தடை நான்கு ஓமாகக் குறையும், மின்னோட்டம் இரட்டிக்கும், அதனைத் தாங்காத அம்பிளிபயர் சூடேறிக் கருகும். எட்டு ஓம் எனக் குறித்த ஒலிபெருக்கியை மீற்றரால் அளந்தால் சுமார் ஆறு ஓம் காட்டுவது இயல்பு. ஒன்றுமே காட்டாவிடின் அதன் கம்பிச்சுருள் அறுந்துவிட்டதென்பது பொருள். முனைகள் எவை என்ற ஐயம் எழின், ஒன்றரை வோல்ற்று மின்கலத்தைக் கணநேரம் தொடுத்துப் பாருங்கள். கூம்பு முன்னே எழுந்தால் மின்கலத்தின் நேர்முனை தொட்ட இடமே ஒலிபெருக்கியின் நேர்முனை. இதனை மாற்றித் தொடுத்தால் ஒரு பெட்டி காற்றைத் தள்ள மற்றது இழுக்கும். தாழ்நாதம் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். கூம்பைச் சுற்றியுள்ள நுரைவளையம் ஆண்டுகள் செல்லச் செல்லப் பொடியாகும், அதனைப் புதுப்பிக்கலாம். அம்பிளிபயரினுள்ளே வற்றியும் வீங்கியும் போன மின்தேக்கிகளையும் மாற்றலாம்.

உயிரோடு தொடர்புடைய எச்சரிக்கைகள் சில உண்டு. ஜப்பானிலிருந்து வரும் பாவித்த கருவிகள் பல நூறு வோல்ற்றுக்கென அமைந்தவை. நம் வீட்டு மின்சாரமோ 230 வோல்ற்று. இடையே தக்க மின்மாற்றி இன்றிச் செருகினால் கருவி ஒரு நொடியில் மாளும், தீயும் மூளலாம். செருகியைக் கழற்றிய பின்னரும் அம்பிளிபயரின் பெரிய மின்தேக்கிகள் மின்னைத் தேக்கி வைத்திருக்கும். ஆகவே உடனே உள்ளே கைவைத்தலாகாது. கற்றவர் துணை வேண்டும். ஏப்ரலிலும் ஐப்பசியிலும் இடி இறங்கும் மாலைகளிலே செருகியையும் அன்டெனா வயரையும் கழற்றி வைப்பது நன்று. நம் மலையின் ஈரமோ தொடுமுனைகளைக் களிம்பேறச் செய்யும். வாரம் ஒருமுறையேனும் கருவியை இயக்கினால் அதன் சொந்தச் சூடே ஈரத்தை ஓரளவு விரட்டும்.

இவையெல்லாம் கருவியைப் பற்றியவை. மனிதரைப் பற்றியது ஒன்று எஞ்சி நிற்கிறது. லயத்துக் காம்பராவின் சுவர் இரு குடும்பத்துக்குப் பொது. நாற்பது ஹேர்ட்ஸ் அதிர்வுள்ள தாழ்நாதத்தின் அலைநீளம் எட்டரை மீற்றருக்கு மேல். அஃது அறையினும் பெரிது. மெல்லிய சுவர் அதனைத் தடுக்குமென்று எதிர்பார்ப்பது பேதைமை. இந்தப் பக்கத்து வீரனின் குதிரைக் குளம்பொலி, அந்தப் பக்கத்திலே பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையின் மேசையை அதிர்விக்கும். விடியுமுன் எழுந்து கொழுந்தெடுக்கச் செல்லும் தாயின் உறக்கத்தைக் கலைக்கும். பழம்பொருளை இணைக்கும் திறம் படைத்தோர், அயலாரின் செவியையும் கணக்கிற் சேர்த்துக்கொள்ள வேண்டாமா?

இங்கு விஞ்ஞானமே நமக்கு ஆறுதல் கூறுகின்றது. ஒலி இருமடங்காய்த் தோன்ற ஆற்றல் பத்து மடங்கு வேண்டும். அவ்வாறே, ஆற்றலைப் பத்தில் ஒன்றாய்க் குறைத்தாலும் செவிக்குப் பாதியாகவே தோன்றும். பன்னிரண்டடி அறைக்கு இரண்டொரு வாட் ஆற்றலே பெரும்பாலும் போதும். நூற்றுக்கணக்கான வாட் என்று விளம்பரத்தில் முழங்கும் பெட்டியை நாடாமல், சிறிதாயினும் செம்மையாகப் பேசும் பழைய பெட்டியைத் தேர்வதே அறிவுடைமை. தாழ்நாதப் பெட்டியைப் பொதுச்சுவரிலிருந்து தள்ளி வைத்து, அதன் அடியிலே தடித்த ரப்பர் இட்டு, இரவு ஒன்பதுக்குப் பின் அதனை நிறுத்திவிடுதல் நல்லொழுக்கம்.

மாசியிலே காமன் கூத்து நடக்கும்போது தப்பின் தோலைத் தீயிற் காய்ச்சிப் பதம் பார்ப்பார்கள். எத்தனை தப்புகள் இருப்பினும் அவை ஒத்து ஒலிக்கும் வரை கூத்துத் தொடங்காது. வெவ்வேறு கருவிகளை ஒரு நாதத்துக்குக் கொணரும் செவி நம் மக்களுக்குப் புதிதன்று.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். பழுதான வானொலி ஒன்றை, மின்கலத்தின் துணைகொண்டு மட்டும், வகுப்பறை மேசைமேல் திறந்து வையுங்கள். ஓமின் விதியை மனனம் செய்து ஒப்புவித்த மாணவன் அதனைத் தன் கையால் அளந்து காணட்டும். பின்னர் அதே கருவியில், ஊர்ப் பாட்டிமாரின் தாலாட்டையும் கொழுந்துப் பாட்டையும் கைப்பேசியிற் பதிந்து அனைவரும் கேட்கச் செய்யுங்கள். அவை மறையுமுன் செய்ய வேண்டிய வேலை இது.