பலகை வாங்குமுன் அலையை அறிவோம்

பெங்களூரு விவேக் நகரிலிருந்து சாலைவழியே எந்தக் கடற்கரைக்குச் செல்வதாயினும் ஏறத்தாழ முந்நூறு கிலோமீட்டராவது பயணம் செய்ய வேண்டும். ஆயினும், வார இறுதியில் கிழக்கே கோவளத்துக்கோ மேற்கே முல்கிக்கோ சென்று அலைச்சறுக்குப் பயில விரும்புவோர் இந்நகரில் பெருகி வருகின்றனர். அவ்விளையாட்டின் ஒரு பிரிவே, பலகைமீது நின்று நீண்ட துடுப்பால் நீரைத் தள்ளி, அலையேறிச் சறுக்கிவருவது. ஆர்வம் பிறந்தவுடன் பலகை வாங்கிவிடும் வழக்கம் நம்மிடையே உண்டு. அந்தச் செலவைச் சில மாதங்கள் தள்ளிப்போடுவது ஏன் நன்று என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

நின்று துடுப்பிடுதல் இன்றைய வடிவில் ஹவாய்த் தீவுகளிலிருந்து பரவியது. எனினும், மரக்கட்டைகளைப் பிணைத்து அதன்மேல் அலையைக் கடந்த கட்டுமரம் நம் கரைக்குரியது. அச்சொல்லே ஆங்கிலத்துக்கும் சென்றது. கோவளத்தில் அலைச்சறுக்கை வளர்த்த மூர்த்தி மேகவன் மீனவக் குடும்பத்தில் பிறந்தவர். தமிழகத்தைச் சேர்ந்த சேகர் பச்சை, நின்று துடுப்பிடும் தேசியப் போட்டிகளில் பலமுறை வென்றவர். கர்நாடகத்தின் முல்கியில் 2004-ஆம் ஆண்டு முதல் அலைச்சறுக்குப் பயிற்சி நடைபெறுகிறது. அதனை அடுத்துள்ள சசிஹித்லு கடற்கரையில் 2024 மார்ச்சில், நின்று துடுப்பிடும் உலகத் தொடரின் ஒரு போட்டி நடைபெற்றது.

அமைதியான நீரில் தொடக்கம்

அலையில் கற்க வேண்டியதன் பெரும்பகுதியை அலையில்லா நீரிலேயே கற்றுவிடலாம். கோவளத்துக்கு வடக்கே முட்டுக்காட்டு உப்பங்கழியும், முல்கியருகே சாம்பவி ஆறும் இதற்கு ஏற்றவை. அருகில் இருக்கிறதே என்று அல்சூர் முதலான நகர ஏரிகளில் அனுமதியின்றி இறங்கலாகாது. நீச்சல் அறியாதோர் முதலில் நீச்சல் குளத்துக்குச் செல்வதே முறை.

பலகையின் நடுவில், கைப்பிடிக் குழியின் இருபுறமும், பாதங்களைத் தோளகலத்துக்கு வைத்து நிற்க வேண்டும். முழங்கால்கள் சற்றே மடங்கியிருக்கட்டும். பார்வை தொடுவானத்தில் நிலைக்க வேண்டும். காலடியைப் பார்ப்பவர் விரைவில் நீரில் விழுவார்.

துடுப்பின் அலகு தண்டோடு நேராக அமையாமல் சற்றுச் சாய்ந்திருக்கும். அச்சாய்வு முன்னோக்கி இருக்குமாறு பிடிக்க வேண்டும். புதியோர் பலர் இதனைத் திருப்பிப் பிடிப்பர். கால்விரல்களுக்கு முன்னே எட்டும் தொலைவில் அலகை முழுவதும் அமிழ்த்திய பின்னரே இழுக்க வேண்டும். கணுக்காலை எட்டியதும் வெளியே எடுத்துவிட வேண்டும். அதற்கு மேலும் இழுத்தால் பலகை திசைமாறுமேயன்றி முன்னேறாது. கையால் மட்டும் இழுக்காமல் உடற்பகுதியைத் திருப்பி இழுப்பவருக்குத் தோள்வலி குறையும்.

அலைக்குள் செல்லும்போது

அலை முதுகுப்புறம் நெருங்கும்போது குறுகிய, விரைவான துடுப்புவீச்சுகளால் வேகம் பெற வேண்டும். பலகையின் வால் உயர்வதை உணர்ந்ததும் ஒரு காலைப் பின்னே நகர்த்தி, பக்கவாட்டு நிலைக்கு மாற வேண்டும். இல்லையேல் பலகையின் மூக்கு நீரில் குத்திக்கொள்ளும். விழும்போது பலகையை விட்டு விலகி, உடல் பரப்பாக நீரில் படுமாறு விழுதல் நலம். ஆழமறியாத இடத்தில் தலைகுப்புறப் பாய்வது கழுத்துக்குப் பேராபத்து.

அலை முறியும் இடத்துக்கு மிக அருகில் இருப்பவருக்கே அவ்வலை உரியது. நின்றிருப்பவர் அலையைத் தொலைவிலேயே கண்டு முந்திவிட முடியும். அதனாலேயே பிறருக்கும் சில அலைகளை விட்டுக்கொடுப்பது அவரது கடமையாகிறது. பெரும்பாலும் கடற்காற்று வலுக்கும் முன்னரான அதிகாலையே பயிற்சிக்கு ஏற்ற நேரம். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் மேற்குக் கரையையும், வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தமிழகக் கரையையும் புதியோர் தவிர்த்தல் நன்று.

எந்தப் பலகை?

பலகையின் நீளத்தைவிட அதன் கொள்ளளவே முதலில் நோக்கத்தக்கது. ஒரு லிட்டர் கொள்ளளவு ஏறத்தாழ ஒரு கிலோ எடையைத் தாங்கும். 70 கிலோ எடையுள்ளவர் பலகையோடும் துடுப்போடும் சேர்ந்து ஏறத்தாழ 80 கிலோ ஆவார். 80 லிட்டர் பலகையில் அவர் நின்றால் அது நீர்மட்டத்துக்கு அமிழ்ந்துவிடும். தேர்ந்தவர் அதிலும் சமாளிப்பார். புதியவருக்கு 140 லிட்டருக்குக் குறையாத பலகை வேண்டும். 10 முதல் 11 அடி நீளமும் 32 அங்குல அகலமும் உள்ள பொதுப் பயன்பாட்டுப் பலகை தொடக்கத்துக்கு ஏற்றது. அலையில் தேர்ந்தபின் 8 அல்லது 9 அடியில், கொள்ளளவு குறைந்த வேறு பலகை தேவைப்படும். முதல் நாளில் பொருந்தும் பலகை ஓராண்டுக்குப் பின் பொருந்தாமற்போவது இதனால்தான்.

விவேக் நகரின் குறுகிய தெருக்களிலும் அடுக்குமாடி வீடுகளிலும் பத்தடிப் பலகைக்கு இடம் காண்பது அரிது. காற்றடைக்கும் பலகை முதுகுப்பையில் அடங்கும். அமைதியான நீருக்கு அது போதும். ஆனால் அதன் ஓரங்கள் தடித்தவை. அலைச்சரிவில் திரும்புவதற்குக் கெட்டிப் பலகைக்கு அது ஈடாகாது. காற்றடைத்த பலகையை வெயிலில் விட்டுவைத்தால் உள்ளழுத்தம் ஏறி ஒட்டு விடக்கூடும்.

முதலில் வாங்க வேண்டியவை

பலகையை வாடகைக்குப் பெறலாம். உயிர்காப்பு மேலாடையும் பலகையோடு நம்மைப் பிணைக்கும் காற்கயிறும் சொந்தமாக இருப்பது நலம். கடலலைக்குப் பலகையின் நீளமுள்ள நேர்க்கயிறு வேண்டும். சுருள்கயிறு அமைதியான நீருக்குரியது, அலையில் பலகையை நம்மீதே திருப்பி எறியும். நீரோட்டமுள்ள ஆற்றிலோ கணுக்காற்கயிறு கிளைகளில் சிக்கக்கூடும். உடனே அவிழ்க்கத்தக்க இடுப்புப்பட்டையே அங்குப் பாதுகாப்பு. கயிறு அறுந்தால் ஏறத்தாழ பத்துக் கிலோ எடையுள்ள பலகை, குளிப்போர் நடுவே தானாகப் பாயும் என்பதை மறக்கலாகாது. ஒவ்வொரு முறையும் நீரில் இறங்குமுன் கயிற்றில் வெடிப்புண்டா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

அடுத்து வாங்கத் தகுந்தது துடுப்பு. அலைக்கு நம் உயரத்தைவிட 10 முதல் 15 சென்டிமீட்டர் நீண்டதும், நெடுந்தொலைவுக்கு 20 முதல் 25 சென்டிமீட்டர் நீண்டதும் ஏற்றவை. நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் துடுப்பு இரண்டுக்கும் உதவும்.

பலகைக்கென ஒரு தொடர் வைப்புக் கணக்கைத் தொடங்கி, முதிர்வுக் காலத்தை ஓராண்டாக வைத்துக்கொள்ளலாம். அவ்வோராண்டும் வாடகைப் பலகைகளில் வெவ்வேறு அளவுகளைப் பழகிப் பார்க்கலாம். தொகை முதிரும் வேளையில் நம் எடைக்கும் திறனுக்கும் நாம் நாடும் நீருக்கும் ஏற்ற பலகை எது என்பது தெளிந்திருக்கும். அப்போது வாங்கும் பலகை வீட்டுச் சுவரில் சாய்ந்து கிடக்காது, நீரிலேயே இருக்கும்.