வாய்க்குள் ஒரு ஓப்பன் டிராவர்ஸ்

சிவில் நண்பர்களுக்கு ஓப்பன் டிராவர்ஸ் பற்றிச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஒரு புள்ளியில் ஆரம்பித்து, ஒவ்வொரு ஸ்டேஷனா அளந்துகிட்டே போய், வேறொரு புள்ளியில் முடிப்பது. கிளம்பின இடத்துக்கே திரும்பி வந்தால் எவ்வளவு பிசகியிருக்கோம்னு கணக்கே காட்டிக்கொடுத்துவிடும். ஓப்பன் டிராவர்ஸில் அந்த வசதி கிடையாது. இந்தக் கட்டுரை பல் மருத்துவத்தைப் பற்றியதுதான். ஆனாலும் இதை மனசுல வச்சுக்கிட்டுப் படிங்க.

ஒரு தாடையில் எல்லாப் பற்களையும் இழந்தவருக்கு, எலும்பில் நான்கு முதல் ஆறு டைட்டானியம் இம்ப்ளான்ட்களைப் பதித்து, மேலே மொத்தப் பல்வரிசையையும் ஒரே துண்டாகத் திருகிப் பொருத்துவார்கள். ஃபுல் ஆர்ச் சிகிச்சை என்பது இதுதான். டைட்டானியத்தோடு எலும்பு ஒட்டி வளர்வதை ஸ்வீடனின் பெர்-இங்வார் பிரோனமார்க் 1952-இல் முயல் எலும்பில் கவனித்தார். 1965-இல் முதல் நோயாளிக்கு இம்ப்ளான்ட் வைத்தார்.

அப்படி ஒட்டி வளர்வதுதான் இங்கே வசதியும், சிக்கலும். நம்ம சொந்தப் பல்லுக்கும் எலும்புக்கும் நடுவே மெல்லிய நார்த்திசு ஒன்று மெத்தை மாதிரி இருக்கிறது. கடிக்கும்போது பல் 25 முதல் 100 மைக்ரான் வரை அமுங்கிக் கொடுக்கும். கிளிப் போட்டுப் பல்லை நகர்த்த முடிவதும் அந்தத் திசுவால்தான். இம்ப்ளான்ட் அமுங்குவதோ வெறும் 3 முதல் 5 மைக்ரான். ஆக, மேலே வரும் பல்வரிசை கொஞ்சம் பிசகியிருந்தால் இம்ப்ளான்ட் நகர்ந்து கொடுக்காது. திருகை இறுக்கினால் இடைவெளி மூடிக்கொள்ளும், பார்க்கவும் பொருந்திவிட்ட மாதிரி இருக்கும். ஆனால் அந்த அழுத்தம் உள்ளேயே தங்கிவிடுகிறது. பிறகு திருகு தளரும், உடையும், ஜிர்க்கோனியாவாக இருந்தால் விரிசலும் விடலாம். எவ்வளவு பிசகு வரை பரவாயில்லை என்பதற்கு ஒரே எண் இல்லை. 10 மைக்ரான் என்றவர்களும் உண்டு, 150 வரை போகலாம் என்றவர்களும் உண்டு.

இனி ஸ்கேனர். வாய்க்குள் விடும் கேமரா முழுத் தாடையையும் ஒரே தடவையில் பார்ப்பதில்லை. ஒவ்வொரு சின்னப் பரப்பாக எடுத்து, ஒன்றோடொன்று பொதுவாக உள்ள மேடுபள்ளங்களை வைத்துத் தைத்துக்கொண்டே போகிறது. பல் இருக்கும் வாயில் மேடுபள்ளத்துக்குப் பஞ்சமில்லை. பல்லில்லாத ஈறு வழவழப்பானது, எச்சிலில் மின்னும், அசையவும் செய்யும். இம்ப்ளான்ட் இருக்குமிடத்தைக் காட்ட மாட்டும் ஸ்கேன் பாடிகளோ எல்லாம் ஒரே அச்சு. வெள்ளைச் சுவர் காரிடாரில் ரோபோவை ஓட்டிப் பார்த்தவர்களுக்கு இந்த நிலைமை நல்லாவே புரியும்.

சின்னக் கணக்கு ஒன்று. கடைசி இரண்டு இம்ப்ளான்ட்களுக்கு நடுவே 50 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஒரு முனையில் தைக்கும்போது வெறும் 0.1 டிகிரி திரும்பிவிட்டால், மறுமுனையில் 50 × 0.00175, அதாவது சுமார் 87 மைக்ரான் விலகல். இதுவும் ஒரே ஒரு தையலின் கதைதான். தாடை லாட வடிவம். ஸ்கேனர் ஒரு கடைவாயில் தொடங்கி மறு கடைவாயில் முடிக்கிறது. திரும்பி வந்து சேர வழியில்லை. திரையில் தெரியும் மாடல் என்னமோ பளிச்சென்று ஒரு ஓட்டையும் இல்லாமல்தான் இருக்கும்!

சரி, எப்படிச் சோதிப்பது? முதலில் தோன்றுவது, இரண்டு தடவை ஸ்கேன் செய்து ஒப்பிடலாமே என்பது. இரண்டும் ஒத்துப்போனால் ஸ்கேனர் ஒரே மாதிரி அளக்கிறது என்றுதான் அர்த்தம். சரியாக அளக்கிறதா என்பது வேறு கேள்வி. ஒரே பக்கமாக இழுக்கும் தராசு நூறு தடவையும் ஒரே தப்பைத்தான் காட்டும். மெட்ராலஜி பேப்பரில் ட்ரூனெஸ், பிரிசிஷன் என்று பிரித்துப் படித்தது இதுதான்.

ஒப்பிடும் முறையிலும் ஒரு பொறி இருக்கிறது. சாஃப்ட்வேரில் பெஸ்ட் ஃபிட் கொடுத்தால், அது பிழையை எல்லாப் பக்கமும் பகிர்ந்துவிடும். இரண்டு இம்ப்ளான்ட்களின் இடைவெளியில் 120 மைக்ரான் தப்பு இருந்தால் ஆளுக்கு 60 என்று காட்டும், கலர் மேப் பச்சையாகத் தெரியும். ஒரு முனை இம்ப்ளான்ட்டை மட்டும் பொருத்தி மறுமுனையைப் பாருங்க, முழு 120-ம் வெளியே வரும். ரிப்போர்ட்டில் பச்சை நிறத்தைப் பார்ப்பதற்கு முன்னால் எந்த அலைன்மென்ட் என்று கேட்பதுதான் என் வழக்கம்.

ஆய்வகத்தில் மாடலை சி.எம்.எம்.-இல் அளந்து அதோடு ஒப்பிடுவார்கள். நோயாளியின் வாயை அந்த மேசையில் வைக்க முடியாதே! அதனால்தான் ஜிக். ஸ்கேனிலிருந்து செய்த மாடலில், எல்லா இம்ப்ளான்ட்களையும் இணைத்து ஒரு சட்டம் செய்து வாயில் மாட்டிப் பார்க்கிறார்கள். இதைச் சாந்து மாதிரியான பிளாஸ்டரில் செய்வதும் உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். பிளாஸ்டர் வளையாது. மாடல் தப்பென்றால் திருகும்போதே பட்டென்று உடைந்துவிடும். உடைவதற்காகவே தேர்ந்தெடுத்த பொருள்! ரெசின் ஜிக் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். கெட்டியாகும்போது சுருங்கவும் செய்யும். அதனால் அதைத் துண்டு துண்டாக வெட்டி, வாயிலேயே வைத்து மறுபடி இணைப்பார்கள்.

மாட்டிய பிறகு ஒற்றைத் திருகுச் சோதனை. ஒரு கடைசி இம்ப்ளான்ட்டின் திருகை மட்டும் இறுக்கி, மறுமுனை மேலே எழும்புகிறதா என்று பார்ப்பது. எல்லாத் திருகையும் இறுக்கிவிட்டுப் பார்த்தால் பிசகு ஒளிந்துகொள்ளும். இணைப்பு ஈறுக்குக் கீழே இருந்தால் கண்ணுக்குத் தெரியாது, எக்ஸ்ரே வேண்டும். அதிலும் கதிர் சாய்வாக விழுந்தால் இடைவெளி மறைந்துவிடும்.

தையலே வேண்டாம் என்கிறது போட்டோகிராமெட்ரி. இம்ப்ளான்ட்களில் குறியிட்ட தண்டுகளை மாட்டி, வாய்க்கு வெளியிலிருந்து பல கேமராக்கள் அத்தனையையும் சேர்த்துப் பார்க்கின்றன. எல்லாம் ஒரே சட்டகத்துக்குள் வந்துவிடுவதால் பிழை சேர்ந்துகொண்டே போகாது. ஆனால் அது சொல்வது இம்ப்ளான்ட்களின் இருப்பிடத்தை மட்டும். ஈறின் வடிவம் அதற்குத் தெரியாது. அதற்கு மறுபடி ஸ்கேனர்தான். இரண்டையும் ஒட்டும் இடத்தில் இன்னொரு அலைன்மென்ட் வருகிறது.

மினி புராஜெக்ட் தேடுபவர்கள் இதைச் செய்து பார்க்கலாம். ஒரு பலகையில் லாட வடிவத்தில் ஆறு போல்ட்டுகளை நிறுத்தி, போனில் உள்ள 3டி ஸ்கேன் ஆப்பால் எடுங்க. முனைக்கு முனை தூரத்தை வெர்னியரில் அளந்து ஒப்பிடுங்க. பிறகு போல்ட்டுகளுக்கு நடுவே விதவிதமான ஸ்டிக்கர்களை ஒட்டி மறுபடி எடுங்க. ஸ்கேலை மட்டும் முதல் இரண்டு போல்ட்டுகளின் இடைவெளியை வைத்துச் சரிசெய்துகொள்ளணும்.