தூண்டிலோடு ஒரு நாள் கடல்

மதுரையில் ஆசை இருக்கிறது. மன்னார் வளைகுடாக் கரையில் படகும் கைத்திறனும் இருக்கின்றன. இரண்டையும் முறைப்படி சேர்த்துவைக்கும் ஏற்பாடுதான் வேண்டும்.

கோரிப்பாளையத்தை ஒட்டி ஏ.வி. பாலத்தின் அடியில் ஓடும் வைகைக்குக் கடல் இன்னும் நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது. ராமநாதபுரம் பெரிய கண்மாயை நிரப்பிவிட்டு மிச்சம் இருந்தால்தான் அது ஆற்றங்கரை என்ற ஊரில் பாக் விரிகுடாவைத் தொடும். பல வருடங்களில் அந்த மிச்சம் இருப்பதில்லை. மதுரைக்காரர்கள் மட்டும் வருடம் தவறாமல் கடலுக்குப் போய்விடுகிறார்கள். சனிக்கிழமை ராத்திரி கடையை அடைத்துவிட்டு வேனில் ஏறினால் ஞாயிறு விடிவதற்குள் மண்டபத்திலோ கீழக்கரையிலோ மூக்கையூரிலோ தருவைக்குளத்திலோ நிற்கலாம்.

ராமேஸ்வரத்தில் தீர்த்தமாடி, தனுஷ்கோடியில் படம் எடுத்து, பொரித்த மீன் சாப்பிட்டுத் திரும்புவதுதான் பழைய வழக்கம். இப்போது இளவட்டங்கள் வேறொன்று கேட்கிறார்கள். “அண்ணே, ஒரு நாளைக்குப் படகு வாடகைக்குக் கிடைக்குமா? மீனை நாங்களே பிடிக்கணும்.”

வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்து வந்த ஆசைதானே என்று இதை ஒதுக்கிவிடக் கூடாது. ஒழுங்காக நடத்தினால் கடற்கரைக் கிராமங்களுக்கு இது நல்ல வருமானம். ஒழுங்கில்லாமல் விட்டால் உயிருக்கே ஆபத்து. அதனால் இந்தத் தொழில் உரிமத்தோடு, விதிகளோடு, மீனவர் கையிலேயே வளர வேண்டும்.

கண்மாயில் கற்றது

மீன்பிடிப்பு மதுரைக்குப் புதிதல்ல. கோடையில் கண்மாய் வற்றும்போது மேலூர், நத்தம், சிங்கம்புணரிப் பக்கம் மீன்பிடித் திருவிழா நடக்கும். ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசியதும் ஊத்தா, கச்சா, வலை என்று கையில் இருப்பதை எடுத்துக்கொண்டு ஊரே இறங்கும். விராலும் கெண்டையும் அன்றைக்கு எல்லா வீட்டு அடுப்பிலும் கொதிக்கும். அந்த மீனை விற்பதில்லை என்பது பல ஊர்களில் எழுதாத விதி.

அந்த விதியின் சாரத்தைக் கடலுக்கும் எடுத்துப்போகலாம். பொழுதுபோக்காகப் பிடிக்கிறவன் தன் சட்டிக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம். சந்தைக்குப் பிடிப்பது அதையே நம்பி வாழ்கிறவரின் உரிமை.

மற்றபடி கண்மாய் அனுபவம் கடலில் செல்லாது. கண்மாயில் முழங்கால் அளவு சேற்றில் நின்று மீனைத் தடவிப் பிடிக்கிறோம். கடலில் காலுக்கடியில் இருபது, முப்பது பாகம் தண்ணீர். எங்கே நிற்பது, எப்போது திரும்புவது என்பதெல்லாம் படகோட்டியின் முடிவு. நாம் கொடுக்கும் வாடகை முதலில் அந்த முடிவுக்குத்தான்.

உலகம் நடத்தும் விதம்

தூண்டில் மீன்பிடிப்பைப் பொழுதுபோக்காக எழுதிவைத்தவர்களில் சென்னை மாகாணத்தில் பணியாற்றிய ஆங்கிலேய அதிகாரி ஹென்றி சல்லிவன் தாமஸ் முக்கியமானவர். அவருடைய ‘தி ராட் இன் இந்தியா’ 1873-ல் வந்தது. கடலில் பெரிய மீனைக் கம்பும் நூலுமாகப் பிடிப்பதற்கு அமெரிக்காவின் கலிபோர்னியா கடலில் உள்ள காட்டலினா தீவில் 1898-ல் ஒரு சங்கமே தொடங்கினார்கள். எவ்வளவு எடை தாங்கும் நூலில் எவ்வளவு எடை மீனைப் பிடித்தார் என்று கணக்கு வைக்கும் சர்வதேச அமைப்பு 1939-ல் உருவானது.

இன்று அமெரிக்காவில் இது பெரிய தொழில். ஒரு குழு ஒரு படகை முழு நாளுக்குப் பேசிக்கொள்ளும். தூண்டில், இரை, ஐஸ், படகோட்டி, உதவியாள் எல்லாம் அந்த வாடகையில் அடக்கம். அமெரிக்கக் கடலோரக் காவல்படை தரும் அடிப்படைப் படகோட்டி உரிமத்தில், கட்டணம் கொடுத்து வருகிறவர்கள் 6 பேருக்கு மேல் ஏறக் கூடாது. இந்தியாவில் இந்தத் தொழில் ஓரளவு நிலைபெற்றிருப்பது அந்தமானில். பெரிய பாறை மீனைத் தேடி வெளிநாட்டவர் அங்கே வருகிறார்கள். பிடித்த மீனைப் படம் எடுத்துவிட்டுக் கடலிலேயே விடுவது அங்கே பரவலான வழக்கம். தமிழ்நாட்டுக் கரைகளில் ஆர்வலர்கள் பெருகிவிட்டார்கள். தொழிலுக்கான ஒழுங்கு பின்தங்கி நிற்கிறது.

ஒரு பகல் நகரும் விதம்

இருட்டு பிரியும் முன்பே புறப்பட வேண்டும். வல்லம் என்ற நாட்டுப்படகில் ஐஸ் பெட்டி, குடிதண்ணீர், இரைக்குச் சாளையும் கணவாய்த் துண்டும். வெறும் வயிற்றோடு ஏறுவது தவறு. எண்ணெய்ப் பலகாரம் அதைவிடத் தவறு. இரண்டு இட்லி போதும். கடல் ஒத்துக்கொள்ளாதவர்கள் மருத்துவரைக் கேட்டுப் புறப்படுவதற்கு முன்பே மாத்திரை போட்டுக்கொள்வது நல்லது. தலை சுற்றத் தொடங்கிய பிறகு போடும் மாத்திரை வயிற்றில் தங்காது.

படகு வெளியே போகப் போக, படகோட்டி அடிக்கடி திரும்பிக் கரையைப் பார்ப்பார். மாதா கோயில் கோபுரத்துக்கு நேர் பின்னால் பனைக்கூட்டம் வரும் கோடு ஒன்று. பள்ளிவாசல் மினாரும் கலங்கரை விளக்கமும் ஒன்றன்மேல் ஒன்று விழும் கோடு இன்னொன்று. இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடத்துக்கு நேர் கீழே ‘பார்’ இருக்கிறது என்பது தகப்பன் வழி வந்த கணக்கு. பார் என்பது கடலுக்கடியில் மேடாகக் கிடக்கும் பாறைத் திட்டு. மீன் கூடும் இடம். இன்று கையில் ஜி.பி.எஸ். இருக்கிறது. ஆனால் எந்தப் பாரில் எந்த நீரோட்டத்துக்கு எந்த மீன் நிற்கும் என்பது அந்தக் கருவியில் வராது.

பார் மேல் படகை நிறுத்தி, ஈயக் குண்டு கட்டிய நூலை இறக்குகிறார்கள். அனுபவம் உள்ள கைக்குக் கம்பு வேண்டாம். நூல் ஆட்காட்டி விரலின் மேல் கிடக்கும். விளைமீன் என்றால் விரலில் இரண்டு மூன்று சிறு வெட்டு. களவா என்றால் ஒரே கனமான இழுப்பு. கவ்விய வேகத்தில் அது பாறைப் பொந்துக்குள் போய்ச் செவுளை விரித்துக்கொண்டு உட்கார்ந்துவிடும். முதல் சில நொடிகளில் அதைத் தரையிலிருந்து தூக்காவிட்டால் நூல் அறுந்த மாதிரிதான். மதுரையில் வஞ்சிரம் என்று நாம் வாங்குவது தூத்துக்குடிக் கரையில் சீலா. அதன் பல் நைலானை ஒரே கடியில் வெட்டும். அதனால் முள்ளுக்கு மேலே ஒரு சாண் கம்பி கட்டுவார்கள்.

ஓடும் படகின் பின்னால் நூலை விட்டு இழுத்துப்போவது இன்னொரு முறை. தூரத்தில் ஆலாப் பறவைகள் கூட்டமாக நீரில் விழுந்து எழுந்தால், கீழே சிறு மீனைச் சூரையோ பாறை மீனோ விரட்டுகிறது என்று பொருள். படகு அந்தக் கூட்டத்தின் நடுவே புகாமல் ஓரமாகச் சுற்றிப் போகும். மீன் கவ்வியதும் புதிதாக வந்தவர் செய்யும் முதல் காரியம் பலம் கொண்ட மட்டும் இழுப்பது. “இழுக்காதீங்கண்ணே, ஓட விடுங்க. அது களைக்கட்டும்,” என்று பக்கத்திலிருந்து குரல் வரும். ரீலின் பிடியைத் தளர்த்தி, மீன் ஓடும்போது நூலை விட்டு, நிற்கும்போது சுற்றி எடுப்பதுதான் இந்த விளையாட்டின் சாரம். அதைக் கற்றுக்கொடுப்பவருக்கு ஆசிரியருக்குரிய மரியாதையும் கூலியும் உண்டு.

காற்றைக் கேட்டுத்தான் தேதி

ஆடி மாதம் விடுமுறை கிடைத்தது என்பதற்காக மன்னார் வளைகுடாவில் இறங்க முடியாது. கச்சான் காற்று பலமாக வீசும் அந்த மாதங்களில் தென்கடல் கொந்தளிக்கும். ராமேஸ்வரத்துக்கு வடக்கே உள்ள பாக் விரிகுடா ஒப்பிட்டால் அமைதியாக இருக்கும். வாடை வீசும் ஐப்பசி, கார்த்திகையில் நிலைமை தலைகீழ். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து கச்சான் எழும்பும் வரை உள்ள இடைக்காலம்தான் தென்கடலில் தூண்டில் போட ஏற்றது.

பாக் விரிகுடா ஆழம் குறைந்தது. கச்சத்தீவும் சர்வதேசக் கடல் எல்லையும் அருகிலேயே இருக்கின்றன. அந்த எல்லை 1974-லும் 1976-லும் இலங்கையோடு செய்த ஒப்பந்தங்களில் வகுக்கப்பட்டது. எல்லை தாண்டியதாகச் சொல்லி மீனவர்களைக் கைது செய்வதும் படகைப் பறிப்பதும் தொடரும் கடலில், பொழுதுபோக்குக்காக ஒரு படகு எல்லைப் பக்கம் போவது பொறுப்பற்ற செயல்.

தொடக் கூடாத இடங்கள்

தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவே வரிசையாகக் கிடக்கும் 21 தீவுகளைச் சேர்த்து 1986-ல் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா அமைந்தது. பரப்பு 560 சதுர கிலோமீட்டர். 1989-ல் அதைச் சுற்றி 10,500 சதுர கிலோமீட்டர் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. சுண்ணாம்புக்காகப் பவளப்பாறையை வெட்டி எடுத்த காலத்தின் விலையாக, பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் நீருக்குள் மூழ்கிப்போயின. அந்தப் பூங்கா எல்லைக்குள் தூண்டில் போடுவதும், பவளத்தின் மேல் நங்கூரம் வீசுவதும் கூடவே கூடாது. கடல் அட்டை, கடல் குதிரை, ஆமை, ஆவுளியா என்னும் கடல் பசு ஆகியவை வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கின்றன. தெரியாமல் முள்ளில் மாட்டினாலும் உடனே விட வேண்டும்.

விடுவதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. ஆழத்திலிருந்து வேகமாகத் தூக்கிய களவாவைப் பாருங்கள். மேலே வர வர நீரின் அழுத்தம் குறைந்து அதன் காற்றுப்பை ஊதிவிடும். வயிறு வாய் வழியாகப் பிதுங்கி, கண் வெளியே தள்ளியிருக்கும். அப்படியே கடலில் போட்டால் கீழே போக முடியாமல் மல்லாந்து மிதக்கும்; பருந்துக்கு இரையாகும். கனமான குண்டு கட்டிய, எதிர்முள் இல்லாத தலைகீழ் முள்ளில் உதட்டை மாட்டி, பிடித்த ஆழத்துக்கே இறக்கிவிட்டால் பிழைக்க வாய்ப்பு உண்டு. களவா பெண்ணாக முதிர்ந்து, பெரிதான பிறகு பல ஆணாக மாறும் இனம். ஒரு பாரில் பெரியவற்றையெல்லாம் எடுத்துவிட்டால் அந்தப் பாரின் வம்சமே தடுமாறும். ‘பிடித்தோம், விட்டோம்’ என்று படம் போடுகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு விட வேண்டும்.

கவிழ்ந்த படகுகள் சொல்வது

2011 கிறிஸ்துமஸ் நாளில் பழவேற்காட்டில் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். 2017 பிப்ரவரியில் மணப்பாடு கடலில், சுற்றுலா வந்தவர்களை ஏற்றிய மீன்பிடிப் படகு கவிழ்ந்து பல உயிர்கள் போயின. 2023 மே 7-ல் கேரளத்தின் தானூரில் 22 பேர். அது மீன்பிடிப் படகைச் சுற்றுலாப் படகாக மாற்றிக் கட்டியது. அளவுக்கு மேல் ஆள் ஏற்றியது.

மீன்பிடிப் படகு எடையைத் தாழ்வாக, வலையாகவும் மீனாகவும் ஐஸாகவும் சுமக்கும்படி கட்டப்பட்டது. அதில் இருபது பேர் எழுந்து நின்று ஒரே பக்கம் சாய்ந்தால் சமநிலை போய்விடும். “மீன்! மீன்!” என்று கத்தியதும் எல்லாரும் ஒரே ஓரத்துக்கு ஓடுவது தூண்டில் படகில் தினமும் நடக்கக்கூடியது. ஆள் எண்ணிக்கைக்கு வரம்பு கேட்பது இதனால்தான். உயிர்க்காப்பு அங்கி படகின் மூலையில் கிடந்தால் போதாது. கரையிலேயே மாட்டி, வார் இறுக்கியிருக்க வேண்டும். வானிலை எச்சரிக்கை இருக்கும் நாளில் எவ்வளவு பணம் கொடுத்தாலும் படகு இறங்கக் கூடாது. கடலில் ஆபத்து என்றால் கடலோரக் காவல்படையின் 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093 ஆகிய எண்களைப் படகில் ஏறும் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும்.

வழி இருக்கிறது

இழுவைப் படகுகளை ஆழ்கடல் சூரை மீன்பிடிப்புக்கு மாற்ற 2017-ல் ஒரு திட்டம் தொடங்கினார்கள். இலக்கு 2,000 படகுகள். ஒரு படகுக்கு 80 லட்சம் ரூபாய். மானியம் போக மிச்சக் கடனுக்கே அஞ்சிப் பலர் ஒதுங்கினார்கள். தூண்டில் சுற்றுலா இழுவைப் படகுகளின் பெரிய பிரச்சினைக்குத் தீர்வாகாது. ஆனால் இருக்கிற வல்லத்தையும் இருக்கிற கைத்திறனையும் கொண்டே தொடங்கலாம். ஒரு நாளில் பிடிக்கும் மீனும் சில கிலோதான்.

முன்மாதிரியும் பக்கத்திலேயே இருக்கிறது. தொண்டி அருகே காரங்காட்டில் வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து அலையாத்திக் காட்டுக்குள் படகுச் சவாரி நடத்துகிறார்கள். சமைத்துப் போடுவது அந்த ஊர்ப் பெண்கள். அதே ஏற்பாட்டை மீன்வளத் துறை தூண்டில் படகுக்கும் கொண்டுவரலாம். மீனவர் கூட்டுறவுச் சங்கத்தின் பெயரில் உரிமம். படகுக்குத் தகுதிச் சோதனையும் காப்பீடும். ஒரு படகில் 6 பேர். பூங்கா எல்லைக்குள் போகாததை உறுதிசெய்யக் கண்காணிப்புக் கருவி. ஆளுக்கு இத்தனை கிலோ என்று வரம்பு. மிஞ்சிய மீன் படகுக்காரருக்கு. மீன்வளத் துறை பல ஊர்களில் கடலடியில் இறக்கியிருக்கும் செயற்கைப் பார்களில் சிலவற்றை, அந்தந்த ஊர்ச் சம்மதத்தோடு, இதற்கு ஒதுக்கலாம். வாடகையைப் பிரிக்கவும் புது முறை வேண்டாம். செலவு போக, படகுக்கு ஒரு பங்கு, ஆட்களுக்கு ஒரு பங்கு என்று கடற்கரையில் காலங்காலமாக இருக்கும் கணக்கே போதும்.

நம் பக்கமும் கடமை இருக்கிறது. கோரிப்பாளையத்தில் வேன் ஏறும் முன்பே போன் போட்டு மூன்று கேள்வி கேளுங்கள்: படகுக்குப் பயணி ஏற்ற அனுமதி உண்டா, எத்தனை பேருக்கு, ஆளுக்கொரு உயிர்க்காப்பு அங்கி உண்டா? பதில் மழுப்பலாக இருந்தால் அந்த வாரம் கரிமேட்டு மார்க்கெட்டில் மீன் வாங்கிக் குழம்பு வையுங்கள். பதில் நேராக இருந்தால் பேரம் பேசாமல் வாடகையைக் கொடுங்கள். மீன் கிடைக்காத நாளிலும் முழுசாகக் கொடுங்கள். உங்களைக் காற்றறிந்து கூட்டிப்போய், பத்திரமாகக் கரை சேர்த்ததற்கு அது கூலி.