பத்து உலகக் கோப்பைகளும் ஒரு சேலை வியாபாரமும்

மலர்க் கண்காட்சி முடிந்து மே மாதக் கூட்டம் மலையை விட்டு இறங்கிய பிறகு, உதகையிலும் குன்னூரிலும் கடை வைத்திருக்கும் நமக்கு ஈ ஓட்டும் காலம். இந்தக் குளிரில் ஓட்டுவதற்கு ஈயும் இராது என்பது வேறு விஷயம்! ஜூன், ஜூலை மாதங்களில் கூடலூர், பந்தலூர் பக்கம் மழை கொட்டும். எஸ்டேட் பகுதிக் கடைகளில் பற்று நோட்டுதான் நிறையும், கல்லா நிறையாது.

நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை உலகக் கோப்பைக் கால்பந்து வருவதும் பெரும்பாலும் இந்த மாதங்களில்தான். 2022-ல் கத்தார் நாட்டின் வெயிலைக் கருதி நவம்பர் 20 முதல் டிசம்பர் 18 வரை நடத்தினார்கள். அது ஒரு விதிவிலக்கு. நாடுகாணி கணவாய்க்கு அப்பால் மலப்புறம் மாவட்டம். கால்பந்துப் பித்துக்குப் பேர்போன ஊர்கள். அந்தக் காற்று நம் கூடலூர்ப் பக்கமும் வீசுவதை வணிகப் பெருமக்கள் அறிவார்கள். இரவு கண்விழித்துத் தொலைக்காட்சியில் ஆட்டம் பார்த்துவிட்டு, காலையில் சிவந்த கண்ணோடு கடை திறப்பவர்கள் நம்மில் பலர் உண்டு.

"ஒரு தடவையாவது நேரில் பார்க்க வேண்டும்" என்று சொல்வோம். அடுத்த மூச்சிலேயே, "அதெல்லாம் பணக்காரர்களுக்கு, நமக்குக் கடையை யார் பார்ப்பது?" என்று அந்தப் பேச்சை மூடிவிடுவோம். அப்படி மூடிவிடாத ஒரு தம்பதியரைப் பற்றி இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது.

கிதிர்பூர் தம்பதியர்

கொல்கத்தாவின் கிதிர்பூர் பகுதியைச் சேர்ந்தவர் பன்னாலால் சட்டர்ஜி. துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி சைதாலி, சிறிய அளவில் சேலை வியாபாரம் செய்தவர். இவர்கள் 1982-ல் ஸ்பெயின் நாட்டில் நடந்த உலகக் கோப்பையை நேரில் கண்டார்கள். அந்த ருசி விடவில்லை. 1986-ல் மெக்சிகோ, 1990-ல் இத்தாலி, 1994-ல் அமெரிக்கா என்று தொடங்கி, 2018-ல் ரஷ்யா வரை ஒன்றைக்கூட விடாமல் பத்து உலகக் கோப்பைகளைக் கண்டுவிட்டார்கள்.

இவர்கள் பெரிய முதலாளிகள் அல்லர். ஓய்வூதியத்திலிருந்தும், சேலை விற்ற லாபத்திலிருந்தும் மாதாமாதம் ஒரு தொகையைத் தனியே எடுத்து வைத்தார்கள். வங்காளிக்கு மீன் இல்லாமல் சோறு இறங்காது. அந்த மீனைக்கூடச் சில நாட்கள் வேண்டாம் என்று ஒதுக்கிச் சேமித்தார்கள். ஒரு கோப்பை முடிந்து வீடு திரும்பியதும் அடுத்த கோப்பைக்கான உண்டியல் தொடங்கிவிடும்.

அந்த நாட்களில் பணம் இருந்தாலும் வெளிநாடு போவது எளிதன்று. 1973-ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணிச் சட்டப்படி ஒவ்வொரு டாலருக்கும் கட்டுப்பாடு. 2000-ஆம் ஆண்டு ஜூன் முதல் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தது. 2004-ல் தனிநபர் ஆண்டுக்கு 25,000 டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்ப ரிசர்வ் வங்கி வழி திறந்தது. 2015-ல் அது இரண்டரை லட்சம் டாலராயிற்று. இன்று தடை சட்டத்தில் இல்லை. நம் மனத்திலும் கல்லாவிலும்தான் இருக்கிறது.

பன்னாலால் 2019 டிசம்பரில் காலமானார். 2022 கத்தார் போட்டியைக் காண அவர் இல்லை. ஆனால் "போக முடியவில்லையே" என்ற ஏக்கத்தோடு அவர் போகவில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

சைக்கிளில் சென்றவர்

கையில் பணமே இல்லாவிட்டால்? அதற்கும் ஒருவர் வழி கண்டார். கேரளத்தின் சேர்த்தலையைச் சேர்ந்த கணித ஆசிரியர் கிளிஃபின் பிரான்சிஸ், 2018-ல் விமானச் செலவு கட்டாது என்று துபாய் சென்று ஒரு சைக்கிள் வாங்கினார். கப்பலில் ஈரான் போய், அங்கிருந்து மிதித்தே ரஷ்யா சென்றார். வழியில் ஜார்ஜியா எல்லையில் அனுமதி கிடைக்காமல் தவித்து, வேறு பாதையில் போக நேர்ந்தது. அவர் ஆசைப்பட்டது மெஸ்ஸியைப் பார்க்க. டிக்கெட் கிடைத்ததோ ஜூன் 26-ல் மாஸ்கோவில் நடந்த பிரான்ஸ் - டென்மார்க் ஆட்டத்துக்கு. அந்த ஆட்டத்தில் ஒரு கோல்கூட விழவில்லை! கேட்டது ஒன்று, கிடைத்தது வேறொன்று. ஆனாலும் போய்ச் சேர்ந்தார்.

நம் அணிக்காகவும் போகலாம்

உலகக் கோப்பைக்கு நம் அணி இன்னும் சென்று ஆடியதில்லை. ஆனால் ஆசியக் கோப்பையில் ஆடியிருக்கிறது. 2019 ஜனவரி 6-ல் அபுதாபியில் தாய்லாந்தை 4-1 என்று வென்றபோது, வளைகுடாவில் உழைக்கும் நம் மக்களோடு, 'புளூ பில்கிரிம்ஸ்' போன்ற ரசிகர் குழுவினரும் ஆரவாரம் செய்தார்கள். அடுத்த இரு ஆட்டங்களிலும் தோற்று அணி வெளியேறியது. பஹ்ரைனுடன் ஆடியபோது கடைசி நேரத்தில் விழுந்த பெனால்டி கோலால் வாய்ப்புப் போயிற்று. 2024 ஜனவரியில் கத்தாரில் நடந்த ஆசியக் கோப்பையில் மூன்று ஆட்டங்களிலும் தோல்வி, ஒரு கோலும் இல்லை. லாபம் வரும்போது மட்டும் உடனிருப்பவன் பங்காளி அல்லன். நட்டத்திலும் நிற்பவனே பங்காளி. ரசிகனுக்கும் அதே கதைதான்.

வியாபாரி போட வேண்டிய கணக்கு

நான்கு ஆண்டுகள் என்பது 1,461 நாட்கள். கடை அடைக்கும் நேரத்தில் நாளொன்றுக்கு 100 ரூபாய் தனியே வைத்தால் 1,46,100 ரூபாய். வங்கியில் மாதத் தொடர் வைப்பாகப் போட்டால் வட்டியும் சேரும். முழுச் செலவுக்கும் அது போதாமல் இருக்கலாம். ஆனால் அஸ்திவாரத்துக்குப் போதும்.

சில எச்சரிக்கைகளும் அவசியம். சரக்குக்கு வைத்த முதலிலும், சீட்டுப் பணத்திலும், மொத்த வியாபாரிக்குத் தர வேண்டிய பாக்கியிலும் கை வைக்கக் கூடாது. கடன் வாங்கிப் பார்க்கிற ஆட்டம், திரும்பி வந்தபின் நம்மையே பந்தாக உதைக்கும். டிக்கெட்டை உலகக் கால்பந்துச் சங்கத்தின் சொந்த இணையதளத்தில் மட்டுமே வாங்க வேண்டும். தெரிந்தவர் மூலம் வாங்கித் தருகிறேன் என்பவரிடம் முன்பணம் கொடுக்க வேண்டாம். பாஸ்போர்ட்டுக்கு நம் மாவட்டத்தாருக்குக் கோவை அலுவலகம். பயணத் தேதிக்குப் பின்னும் ஆறு மாதம் செல்லத்தக்கதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். விசாவுக்குப் பல நாடுகளில் மாதக்கணக்கில் காத்திருக்க நேரும். வெளிநாட்டுச் சுற்றுலாவுக்குப் பணம் கட்டும்போது பிடிக்கும் வரியை, வருமான வரிக் கணக்கில் காட்டிச் சரிசெய்துகொள்ளலாம், ரசீதைத் தொலைத்துவிடாதீர்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம், கடைச் சாவியை நம்பிக் கொடுக்க ஓர் ஆள். மகனோ, மைத்துனரோ, பல ஆண்டுகளாக உடனிருக்கும் கடைப் பையனோ, யாராயினும் இருபது நாள் கடையை நடத்தத் தெரிந்திருக்க வேண்டும். நாம் இல்லாவிட்டால் கடை ஓடாது என்பது பெருமையன்று. அது நம் வியாபாரத்தின் பலவீனம். காய்ச்சலில் படுத்தாலும் இதே கேள்விதானே வரும்?

பிள்ளையின் படிப்புக்குச் சேர்க்கிறோம்; பெண்ணின் கல்யாணத்துக்குச் சேர்க்கிறோம்; கடை விரிவாக்கத்துக்கும் சேர்க்கிறோம். சேர்க்க வேண்டியதுதான். அந்தப் பெட்டிகளோடு, நமக்கென்று ஒரு சிறு பெட்டியும் இருக்கட்டும். அதில் சேர்வது கால்பந்துக்காகவே இருக்க வேண்டும் என்பதில்லை. காசி யாத்திரையாகவும் இருக்கலாம். சேலை விற்ற காசில் பத்து முறை உலகம் சுற்றிய தம்பதியர் நமக்குச் சொல்லாமல் சொல்வது இதைத்தான். இன்று இரவு கணக்கு முடிக்கும்போது, முதல் நூறு ரூபாயை எடுத்துத் தனியே வையுங்கள்.