கேஸ் போட்டாச்சா? எந்த கேஸ்?

"கேஸ் போட்டாச்சு தம்பி. இனிமே இன்சூரன்சு பணம் வந்துடும்ல?"

மோட்டார் சைக்கிளைப் பறிகொடுத்த மளிகைக் கடை அண்ணாச்சி, இன்சூரன்சு ஏஜெண்டிடம் கேட்கும் கேள்வி இது. சட்டைப் பையில் ஒரு துண்டுச் சீட்டு. நாலாக மடித்துப் பத்திரமாக வைத்திருக்கிறார். ஏஜெண்டு அதை வாங்கிப் பிரித்தார். படித்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"இது கேஸ் இல்லை அண்ணாச்சி. மனு கொடுத்ததுக்கு ரசீது!"

அண்ணாச்சிக்குத் தூக்கி வாரிப் போட்டது. பட்டணத்தில் இப்படி ஏமாந்து நிற்பவர் அவர் ஒருவர் மட்டும் அல்ல. ஆளை மயக்குவது "கேஸ்" என்ற ஒரே ஒரு சொல். காலையில் கடை திறப்பது முதல் இரவு கதவு சாத்துவது வரை இந்தச் சொல் இல்லாமல் பிழைப்பு ஓடாது. ஆனால் இடத்துக்கு ஒரு அர்த்தம்!

பெட்டிக்குள் பெட்டி

"ரெண்டு கேஸ் இறக்கட்டுமா?" என்று கலர் கம்பெனி வண்டிக்காரர் கேட்டால், அது 24 பாட்டில் அடுக்கிய பெட்டி. மதுக்கடைக்குப் போனால் கணக்கு வேறு. 48 குவார்ட்டர் பாட்டில் சேர்ந்தால் ஒரு கேஸ். பீர் என்றால் 12 பாட்டில். மூக்குக் கண்ணாடி வைக்கும் கூடும் கேஸ்தான். ஈய எழுத்து கோர்த்து அச்சடித்த காலத்தில், எழுத்துகளைப் பிரித்துப் போட்டு வைத்த மரத்தட்டுக்கும் அதே பெயர்.

வீட்டுக்குள் "கேஸ் தீர்ந்து போச்சு" என்று குரல் வந்தால் 14.2 கிலோ சிலிண்டர் காலி என்று அர்த்தம். ஆங்கிலத்தில் அது வேறு சொல், வேறு உச்சரிப்பு. தமிழில் எழுதினால் எல்லாம் ஒன்றுதான்.

கோர்ட்டு கேசும், கலர் பாட்டில் கேசும்கூட ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் அல்ல. "விழுந்தது, நேர்ந்தது" என்று பொருள் தரும் லத்தீன் சொல்லில் இருந்து வந்தது கோர்ட்டு கேஸ். "பெட்டி" என்று பொருள் தரும் இன்னொரு லத்தீன் சொல்லில் இருந்து வந்தது பாட்டில் கேஸ். ஆங்கிலத்தில் சேர்ந்தபோது இரண்டும் ஒரே உருவம் எடுத்துக்கொண்டன.

போலீஸ் நிலையத்தில் "பெட்டி கேஸ்" என்று ஒன்று உண்டு. அதற்கும் பெட்டிக்கும் சம்பந்தம் இல்லை. சில்லறைக் குற்றம் என்று அர்த்தம். குடித்துவிட்டு நடுத்தெருவில் கலாட்டா செய்கிற ஆசாமி மீது, 1888-ம் ஆண்டு சிட்டி போலீஸ் சட்டத்தின் 75-வது பிரிவு பாய்வது இந்த ரகம்.

ஆளே கேஸ்!

ஆஸ்பத்திரியில் மனிதரே கேஸ் ஆகிவிடுகிறார். "ஒரு டெலிவரி கேஸ், ரெண்டு ஆக்சிடெண்ட் கேஸ்" என்று வார்டில் எண்ணுகிறார்கள்.

அங்கே உயிரோடு விளையாடும் வார்த்தை ஒன்று உண்டு. "இது போலீஸ் கேஸ். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க!" இப்படிச் சொல்லி அடிபட்டவரைத் திருப்பி அனுப்பக் கூடாது. அரசு டாக்டரானாலும் தனியார் டாக்டரானாலும் முதலில் உயிரைக் காப்பாற்ற வேண்டும், போலீஸ் சம்பிரதாயம் எல்லாம் பிறகுதான் என்று 1989-ம் ஆண்டிலேயே சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொல்லிவிட்டது.

தெருவில் இன்னொரு கூத்து. கொஞ்சம் கிறுக்குத்தனமாக நடந்தால் "அவன் ஒரு கேஸு". ஒரு பெண்ணைப் பார்த்து "அது ஒரு கேஸு" என்று பல்லிளித்தால், அவள் மானத்தையே ஏலம் போடுகிறார்கள். எந்தக் கோர்ட்டும் விசாரிக்காத கேஸ் அது!

விழுங்கிய சொல்

பெரியவர்கள் வாயில் இதற்குத் தனித்தனிச் சொற்கள் இருந்தன. முறையிட்டால் பிராது. பணம், சொத்து என்று உரிமை கேட்டால் தாவா. கோர்ட்டில் நடப்பது வழக்கு. வியாச்சியம் என்றும் சொல்வார்கள். இத்தனையையும் "கேஸ்" ஒரே வாயில் விழுங்கிவிட்டது. மனு கொடுத்தாலும் கேஸ். கோர்ட்டுக்குப் போனாலும் கேஸ்.

அண்ணாச்சி சிக்கியது இங்கேதான்.

ரசீதா? எப்.ஐ.ஆரா?

தமிழ்நாட்டில் போலீஸ் நிலையத்தில் மனு கொடுத்தால், பெற்றுக்கொண்டதற்கு சி.எஸ்.ஆர். ரசீது தருவார்கள். அதில் ஒரு நம்பரும் இருக்கும். அதை வைத்துக் கேஸ் பதிவாகிவிட்டது என்று நினைத்தால் தப்பு. பதிவானால் கிடைப்பது "முதல் தகவல் அறிக்கை". அதாவது எப்.ஐ.ஆர். அதில் குற்ற எண் இருக்கும். எந்தச் சட்டம், எந்தப் பிரிவு என்றும் இருக்கும். வண்டி திருட்டுக்கு இன்சூரன்சு கம்பெனி கேட்பது இதைத்தான்.

வாரண்டு இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் என்று தகவலிலேயே தெரிந்தால் எப்.ஐ.ஆர். போட்டே ஆகவேண்டும் என்று 2013-ல் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது.

2024 ஜூலை 1 முதல் சட்டமும் மாறிவிட்டது. மோசடிக்கு இருந்த பழைய 420-வது பிரிவு இப்போது 318. தெருவில் மட்டும் ஏமாற்றுக்காரன் இன்னும் "420"தான்! எப்.ஐ.ஆர். பற்றிச் சொல்வது புதிய நடைமுறைச் சட்டத்தின் 173-வது பிரிவு.

வாயால் சொன்னாலும் எழுதிக்கொண்டு, படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கவேண்டும். நகலை இலவசமாகத் தரவேண்டும். "எங்க எல்லை இல்லை" என்று விரட்டக் கூடாது. 3 ஆண்டு முதல் 7 ஆண்டுக்குள் தண்டனை உள்ள குற்றங்களில் மட்டும், டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாளில் முதற்கட்ட விசாரணையை முடிக்கலாம். பதிய மறுத்தால் விவரத்தை எழுதி போலீஸ் சூப்பிரண்டுக்குத் தபாலில் அனுப்பலாம். அங்கும் நடக்காவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம்.

ஏஜெண்டு இதை எல்லாம் சொல்லி முடித்தார். அண்ணாச்சி கடையைப் பையனிடம் ஒப்படைத்துவிட்டு, ஆர்.சி. புத்தக நகலோடு மறுபடி ஸ்டேஷன் படி ஏறினார்.

"கேஸ்தான் போட்டாச்சே, திரும்ப எதுக்கு வந்தீங்க?" என்றார் ஏட்டு.

"அதான் வந்தேன் ஐயா. குற்ற எண் என்ன?"