தோட்டாவில் ஒரு பேதம்

பட்டாளத்துத் தோட்டாவுக்கும் பிரஜைகளின் தோட்டாவுக்கும் பேதம் யாதென்று தண்டையார்பேட்டை அன்பர் ஒருவர் நம்மை வினவுகிறார்.

பேதம் இரண்டு. முதலாவது, அளவு. படையின் .303 தோட்டா பிரஜைகளின் துப்பாக்கியில் நுழையலாகாதென்பது ஆங்கில ஆட்சியின் கொள்கை. ஆகவே அவர்களுக்கு .315 என்னும் வேறு அளவு வாய்த்தது. சுதந்திரத்தின் பின்னரும் இஷாப்பூர் தொழிற்சாலை, படையின் லீ-என்பீல்டு பொறியமைப்பைக் கொண்டே .315 ரைபிள் செய்து விற்றது. பொறி ஒன்று, தோட்டா வேறு!

இரண்டாவது, குண்டின் முனை. படைக்குண்டு முழுதும் உலோகக் கவசமுடையது. வேட்டைக்குண்டின் முனையிலோ ஈயம் வெளித்தோன்றும். உடலில் பாய்ந்ததும் அது விரியும். மிருகம் விரைவில் மாளவேண்டுமென்பதே அதன் நோக்கம். கல்கத்தாவை அடுத்த டம்டம் ஆயுதசாலை 1890-களில் விரியும் குண்டைப் படைக்கே செய்தளித்தது. வடமேற்கு எல்லையில் அது மனிதர்மீது பாய்ந்தது. 1899-இல் ஹேக் மாநாடு அதனைப் போரில் விலக்கியது. பிரிட்டன் இணங்கியதோ 1907-இல்தான்.

முனையைப் பற்றிய விலக்கு மனிதாபிமானத்தில் பிறந்தது. அளவைப் பற்றிய விலக்கு, குடிகள்மீது அந்நியர் கொண்ட ஐயத்தில் பிறந்தது. 1959-இல் புதுச் சட்டம் வந்தும், 1962-ஆம் ஆண்டு விதிகளில் அவ்விலக்கு நிலைத்தது. பொது அமைதிக்கு அது வேண்டுவதெனில், நம் பிரதிநிதிகள் காரணங்கூறி நிலைநாட்டுக. வெறும் வழக்கமென்று அதனை நீடிக்கவிடுதல் சுதந்திர மக்களுக்கு அழகன்று.